இதயம் பலவீனமான அப்பாவுக்கு மறதி: இது அறளை பெயர்தலா, வேறு ஏதுமா?

இணுவில் மகள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து தப்பியவர். பிறகு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்ததில், இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் 30 வீத இரத்தத்தைத்தான் வெளியே தள்ளுகிறது என்றார்கள். கிளினிக் கொப்பியில் ஹார்ட் பெயிலியர், அதாவது இதயச் செயலிழப்பு என்று எழுதியிருக்கிறது. மாதம் ஒருதடவை கிளினிக், நாளுக்கு ஏழு வகைக் குளிசை. அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

நான் கேட்க வந்தது மூளையைப் பற்றி.

அப்பா ஞாயிறு பின்னேரங்களில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடுவார். முப்பது வருடமாக அதே நாலு பேர், அதே விறாந்தை. விழுந்த சீட்டெல்லாம் அவருக்கு மனதில் நிற்கும். யாருடைய கையில் எது மிச்சம் என்று ஆட்டம் முடியமுன்பே சொல்லிவிடுவார். போன மாதம் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது நான் கண்ணால் கண்டேன். துரும்பு திறந்து இரண்டு பிடி போன பிறகு, "துரும்பு என்ன?" என்று கேட்டார். சொன்னார்கள். அடுத்த பிடியில் திரும்பவும் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்குக் களைப்பாக் கிடக்கு" என்று எழும்பி உள்ளே போனார். அடுத்த ஞாயிறு விளையாட வரவில்லை.

ஆட்களின் பெயர், பழைய கதை, காணி எல்லை எல்லாம் முன்பு போலவே சொல்கிறார். ஆனால் ஒரு கேள்வி கேட்டால் பதில் வரச் சுணங்குகிறது. கரண்ட் பில் கட்டுவது, சாமான் வாங்குவது என்று இரண்டு வேலை சொல்லி அனுப்பினால் ஒன்றோடு வருகிறார். காலைக் குளிசையை இரண்டு நாள் விட்டுவிட்டார், ஒருநாள் இரவுக் குளிசையை இரண்டு தரம் போட்டுவிட்டார். இன்னொன்று, சில நாள் தெளிவாக இருக்கிறார், சில நாள் மந்தமாக இருக்கிறார். அறளை பெயரத் தொடங்கிவிட்டது, முதுமையில் புத்தி தடுமாறுகிறது, இனி இப்படித்தான் என்று பெரியம்மா சொல்கிறா. எனக்கு மனம் ஒப்பவில்லை. இதயத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

கரவெட்டியான்

தங்கச்சி, வயது போனால் எல்லோருக்கும் வருவதுதான். என் அம்மாவுக்கும் இருந்தது. வல்லாரைச் சம்பல் நாளாந்தம் கொடுங்கள், மூளைக்கு நல்லது. கண்டபடி ஆஸ்பத்திரிக்கு இழுத்து அலைக்கழிக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற தாதி

பிள்ளை, வயது என்று விட்டுவிடாதே. நான் 30 வருடத்துக்கு மேல் மருத்துவ வாட்டுகளில் வேலை செய்தவள். இதயம் பலவீனமானவர்களின் தலைமாட்டில் நின்று குளிசை விளங்கப்படுத்தும்போது அவர்கள் தலையாட்டுவார்கள். "விளங்கிச்சுதோ ஐயா?" என்றால் "ஓம்" என்பார்கள். பத்து நிமிடம் கழித்து, தண்ணிக் குளிசை, அதுதான் தேங்கிய நீரைச் சிறுநீராக இறக்கும் குளிசை, எத்தனை மணிக்கு என்று கேட்டால் முழிப்பார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் அதைக் கவனக்குறைவு என்று நினைத்து ஏசியிருக்கிறோம். இப்போது நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது. அவர்களால் பிடித்து வைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சில விஷயம் தெரியவேண்டும். மறதி படிப்படியாக வந்ததா, ஒரு கிழமைக்குள் கூடியதா? கால் வீங்கியிருக்கிறதா? எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்? நிறை கூடியதா? புதிதாக ஏதும் குளிசை எடுத்தாரா, கடையில் வாங்கியதையும் சேர்த்துச் சொல்லு. கடைசியாக இரத்தத்தில் சோடியம் எப்போது பார்த்தார்கள்?

இணுவில் மகள்

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் வடிவாகப் பார்த்தேன். மேசு கழற்றினால் கணுக்காலைச் சுற்றிப் பள்ளம் விழுகிறது. முன்பு ஒரு தலையணை, இப்போது மூன்று. முழங்கால் நோவுக்கு என்று மருந்துக் கடையில் டைக்ளோபெனாக் வாங்கி மூன்று கிழமையாகப் போட்டிருக்கிறார். எங்களுக்குச் சொல்லவே இல்லை, தலையணை உறைக்குள் மட்டையைக் கண்டேன். சளிக்கு ஒரு மஞ்சள் குளிசையும் இடைக்கிடை போடுகிறாராம்.

இரவில் இன்னொன்றும் நடக்கிறது. நித்திரையில் மூச்சு மெல்ல மெல்லப் பெரிதாகி ஏறும். பிறகு அப்படியே இறங்கிச் சின்னதாகி நின்றுவிடும். நான் எண்ணிப் பார்த்தேன், இருபது வரை போனது. பிறகு திரும்பத் தொடங்கும். பக்கத்தில் இருந்து பார்க்கிறவருக்கு உயிர் போய் வரும்.

சோடியம் பார்த்து ஆறு மாதம்.

வடமராட்சி வைத்தியர்

மகளே, நேரில் பார்க்காமல் நோயை முடிவுகட்ட முடியாது. ஆனால் நீங்கள் கேட்ட தொடர்பு உண்மையானது, பழையதும் கூட. 1977இலேயே லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியவுரை ஒன்று, இதயத்தால் வரும் மறதி நோய் என்று இதற்குப் பெயர் வைத்து எழுதியது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் கால்வாசிப் பேருக்குக் குறையாமல் ஏதோ ஓர் அளவில் கவனமோ நினைவோ குறைகிறது. பாதிப் பேருக்கு மேல் என்று கண்ட ஆய்வுகளும் உண்டு. ஆனாலும் எங்கள் கிளினிக்குகளில் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கும் நேரம் முழுவதும் இதயத்துக்கே போய்விடுகிறது. "நினைவு எப்படி இருக்கு ஐயா?" என்று நாங்கள் கேட்பது குறைவு. இது என் மேலும் உள்ள குறை.

ஏன் வருகிறது என்று கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன்.

மூளை உடம்பின் நிறையில் 2 வீதம்தான், ஏறத்தாழ 1.4 கிலோ. ஆனால் நாம் சும்மா படுத்திருக்கும்போதும் உடம்பு பாவிக்கும் ஒட்சிசனில் 20 வீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு முக்கால் லீற்றர் அளவு இரத்தம், நாளுக்கு 100 கிராமுக்குக் குறையாத குளுக்கோஸ். இவ்வளவு செலவு செய்தும் கையிருப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஈரலும் தசையும் சீனியைச் சேர்த்து வைக்கும். மூளை அன்றாடம் வருவதை அன்றாடம் செலவழித்துச் சீவிக்கிறது. இரத்தம் முற்றாக நின்றால் பத்து விநாடி அளவில் நினைவு தப்பிவிடும்.

அந்தச் சக்தியின் பெரும்பங்கு எதற்குப் போகிறது? நரம்புக்கலம் ஒரு செய்தி அனுப்பும்போது சோடியம் உள்ளே வரும், பொட்டாசியம் வெளியே போகும். அவற்றைத் திரும்பவும் அதனதன் இடத்துக்கு இறைத்து விடும் பம்புகளுக்குத்தான் போகிறது. வரத்துக் கொஞ்சம் குறைந்தால் கலம் சாகாது, வேலையைக் குறைக்கும். அதனால் வேகம் போகிறது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விஷயத்தை மனதில் பிடித்து வைத்திருப்பது கஷ்டமாகிறது. பழைய நினைவுகளுக்குப் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. உங்கள் அப்பாவின் 304 இதற்குச் சரியான உதாரணம். துரும்பை நினைவில் வைக்கவேண்டும், விழுந்ததை எண்ணவேண்டும், அடுத்த சீட்டைத் தீர்மானிக்கவேண்டும், மூன்றும் ஒன்றாக. காணி எல்லை சொல்வது வேறு வகை வேலை.

இதயம் பலவீனமானால் மூளைக்குப் போகும் இரத்தம் உடனே குறைவதில்லை. பிரஷர் ஏறி இறங்கினாலும் மூளையின் குழாய்கள் தாங்களே சுருங்கி விரிந்து வரத்தை ஒரே அளவில் வைக்கப் பார்க்கும். வருடக்கணக்கில் இதயம் தளர்ந்தால் அந்தச் சமாளிப்பும் தளரும். கடுமையான இதயச் செயலிழப்பில் மூளையின் இரத்தவோட்டம் மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்திருந்ததையும், மாற்று இதயம் பொருத்திய பிறகு அது வழமைக்குத் திரும்பியதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. குறைந்தது திரும்பவும் கூடலாம்.

காந்த அலை கொண்டு மூளையின் இரசாயனத்தைப் பார்க்கும் முறை ஒன்றும் உண்டு. நரம்புக்கலத்தின் ஆரோக்கியத்தைக் காட்டும் என்-அசிற்றைல் அஸ்பாற்றேற்று என்ற பொருள் இவர்களில் குறைந்திருப்பது அதில் தெரிகிறது. அந்தப் பொருள் கலத்தின் இழைமணிக்குள், சக்தி உண்டாகும் அதே இடத்தில்தான் செய்யப்படுகிறது.

மூச்சைப் பற்றிச் சொன்னீர்களே, அது நல்ல அவதானம். ஏறி இறங்கி நிற்கும் அந்த மூச்சு இதயச் செயலிழப்பில் வருவது. மூச்சு ஏறும்போது காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. இரத்தத்தில் அது குறைந்தால் மூளையின் குழாய்கள் சுருங்கும். அதன் அழுத்தம் 1 மில்லிமீற்றர் இரச அளவு குறைவதற்கே இரத்தவோட்டம் 3 வீதமளவில் குறையும். மூச்சு நிற்கும்போது ஒட்சிசன் இறங்கும். இரவு முழுக்க இப்படியென்றால் நித்திரையும் குழம்பும், மறுநாள் மந்தமும் வரும். புதிய நினைவுகளைப் பதிக்கும் இடம் ஒட்சிசன் குறைவை மிகக் கெதியாக உணரும் இடம். இதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். முடிந்தால் போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

டைக்ளோபெனாக்கை இன்றோடு நிறுத்துங்கள். அது உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்கி, சிறுநீரகத்தையும் தாக்கும். கால் வீங்கியதற்கும், படுத்தால் மூச்சு முட்டித் தலையணை கூடியதற்கும் அது ஒன்றே காரணமாக இருக்கலாம். சளிக் குளிசை குளோர்பெனிரமினாக இருந்தால் அதுவும் வேண்டாம், வயதானவர்களுக்கு அது நேரடியாகவே மூளையை மந்தமாக்கும். வழமையான இதயக் குளிசை எதையும் நீங்களாக நிறுத்தக்கூடாது. அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே காட்டுங்கள்.

நீர்வேலித் தோட்டக்காரன்

டொக்டர் சொன்னதை என் தொழிலில் வைத்து விளங்கிக்கொண்டேன், பிழையென்றால் திருத்துங்கள். வாழைக்கு மெஷின் போட்டு இறைக்கும்போது பம்ப் பலவீனமென்றால் கிணற்றடிப் பாத்திகள் நிரம்பும். வாய்க்காலின் கடைசியில் உள்ள பாத்திதான் காயும். அந்த மரம் உடனே சாகாது. இலை மெல்ல மஞ்சளாகும், குலை சிறுக்கும். மூளையிலும் அப்படிக் கடைசிப் பாத்தி இருக்கிறதா?

வடமராட்சி வைத்தியர்

இருக்கிறது, தம்பி. பெரிய குழாய்களின் எல்லைகள் சந்திக்கும் இடங்களும், மூளையின் ஆழத்தில் உள்ள வெண்பொருளும் அப்படியானவை. வெண்பொருள் என்பது பகுதிகளை இணைக்கும் நரம்பு இழைகள். அங்கே காய்ந்தால் செய்தி போகும் வேகம் குறையும். எம்ஆர்ஐயில் அந்த இடங்கள் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும்.

உங்கள் உவமையில் ஒன்று சேர்க்கிறேன். வடிகாலும் முக்கியம். இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்தால் கழுத்து நாளங்களில் இரத்தம் தேங்கும். மூளைக்குள் இரத்தத்தைத் தள்ளுவது நாடிக்கும் நாளத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். ஒருபக்கம் வரத்துக் குறைந்து மறுபக்கம் வடிகாலும் அடைத்தால் இரட்டைச் சேதம். தேங்கிய தண்ணீரை இறக்கிய பிறகு சிலருக்குக் கதை பேச்சுத் தெளிவது இதனாலும்தான்.

நீர்வேலித் தோட்டக்காரன்

நன்றி டொக்டர். அப்படியென்றால் என் ஐயாவின் கதையையும் எழுதவேண்டும். அவருக்கும் இதே வருத்தம். நாலு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை திடீரென்று, இறந்துபோன தன் தம்பி கிணற்றடியில் நிற்கிறான் என்று சொல்லத் தொடங்கினார். இரவில் எழும்பிக் கேற்றைத் திறந்தார். ஒரு தனியார் இடத்தில் காட்டினோம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இது முதுமை மறதி என்று சொல்லி, நித்திரைக்குக் குளிசை எழுதித் தந்தார்கள். இரத்தம் எடுக்கவில்லை. அந்தக் குளிசையோடு இன்னும் மோசமானார், வாய் குழறியது. ஞாயிறு இரவு 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சில் ஏற்றினோம். பெரியாஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தபோது சோடியம் 118. மெல்ல மெல்ல ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் காலை, "தோட்டத்துக்கு ஆர் தண்ணி விட்டது?" என்று என்னைக் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நான் வாட்டுக்கு வெளியே போய் நின்று அழுதேன்.

அந்த மூன்று நாளும் நாங்கள் அவரை அறளை பெயர்ந்தவர் என்று நினைத்துக் கதைத்தோம். அவருக்குக் கேட்டிருக்கும்.

ஓய்வுபெற்ற தாதி

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. சோடியம் 135க்கும் 145க்கும் இடையில் இருக்கவேண்டும். இதயச் செயலிழப்பில் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைப்பதாலும், சில தண்ணிக் குளிசைகளாலும் இறங்கும். உப்பைக் கூட்டிச் சாப்பிட்டு இதைச் சரிசெய்ய யாரும் வெளிக்கிடவேண்டாம், அது வீக்கத்தைத்தான் கூட்டும். வைத்தியரே தீர்மானிக்கவேண்டிய விஷயம்.

ஓரிரு நாளுக்குள் வந்த குழப்பம் மறதி நோய் அல்ல, அது அவசரம். சோடியம், சலக்கிருமி, நியூமோனியா, சீனி இறங்குதல், மலச்சிக்கல், புதுக் குளிசை, ஏதோ ஒன்று பின்னால் நிற்கும். முகம் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால் பாரிசவாதமாக இருக்கலாம். இதயம் ஒழுங்கற்றுத் துடிப்பவர்களுக்கு இரத்தக்கட்டி மூளைக்குப் போகும் ஆபத்து அதிகம். அப்படியென்றால் யோசிக்காமல் 1990.

திருநெல்வேலி ஆசிரியர்

நான் உயிர்இரசாயனம் படித்து, பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஒருவரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. நம்முடைய சட்டியில் உள்ள விஷயம்.

குளுக்கோஸ் கலத்துக்குள் போனதும் சக்தியாகிவிடாது. முதலில் பைருவேற்றாக உடைகிறது. அந்தப் பைருவேற்று இழைமணிக்குள் இருக்கும் அடுப்புக்குப் போவதற்கு ஒரு நொதியம் வேண்டும். அந்த நொதியம் வேலை செய்ய தியாமின், அதாவது விற்றமின் பி1 வேண்டும். உள்ளே சக்தி எடுக்கும் இரசாயன வட்டத்தில் இன்னொரு நொதியத்துக்கும் அதே தியாமின் வேண்டும். அது இல்லாவிட்டால் விறகு முற்றத்தில் குவிந்திருக்க அடுப்பு எரியாத கதைதான். இதயமும் மூளையும் இரவு பகல் ஓயாமல் எரிக்கும் உறுப்புகள், அதனால் முதலில் அடிபடுவதும் அவைதான். தியாமின் குறைவால் வரும் பெரிபெரி ஒருவகையில் இதயத்தைச் செயலிழக்க வைக்கும், இன்னொரு வகையில் நரம்பைத் தாக்கும். கடுமையானால் மூளை குழம்பும்.

உடம்பில் மொத்தக் கையிருப்பு 30 மில்லிகிராம் அளவுதான், சில கிழமைகளுக்கு மேல் தாங்காது. பியூரோசமைட் போன்ற தண்ணிக் குளிசைகள் சிறுநீரோடு தியாமினையும் வெளியேற்றும். அதோடு பசியும் இல்லாமல், பாணும் தேத்தண்ணீருமாக நாளைக் கழிக்கும் ஒரு வயதானவரை நினைத்துப் பாருங்கள். நினைவோடு தொடர்புள்ள மிகச் சிறிய பகுதி ஒன்று மூளையின் அடியில் இருக்கிறது. தியாமின் இல்லாவிட்டால் முதலில் பழுதாவது அதுதான். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் அது சுருங்கியிருப்பதை கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் எம்ஆர்ஐயில் காட்டியிருக்கிறார்கள்.

1890களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகள் பெரிபெரி போன்ற நோயில் விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்தால் எழும்புவதையும் கண்டார். 1929இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் ஊரில் நெல்லை அவித்துக் குத்திச் சாப்பிட்டார்கள். அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தியாமின் அரிசிக்குள் இறங்கும், பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு மிஞ்சும். இன்று பச்சை வெள்ளரிசியை நாலு தரம் கழுவி, கஞ்சியையும் வடித்து ஊற்றுகிறோம். தண்ணீரில் கரையும் விற்றமின் தண்ணீரோடு போகிறது.

கரவெட்டியான்

அப்படியென்றால் குத்தரிசிச் சோறும் ஒடியல் கூழும் கொடுத்தால் போதும் என்கிறீர்களா, ஆசிரியர்? நான் சொன்ன வல்லாரையை மட்டும் ஏன் விடுகிறீர்கள்?

திருநெல்வேலி ஆசிரியர்

அப்படிச் சொல்லவில்லை, அண்ணை. குத்தரிசி நல்லது. பயறு, உழுந்து நல்லது. ஆனால் குத்தரிசி இதயச் செயலிழப்புக்கு மருந்து அல்ல. தியாமின் கொடுத்தால் நினைவு திரும்பிவிடும் என்று நிறுவியதும் இல்லை. குறைவு இருக்கலாம் என்று சந்தேகித்து வைத்தியரிடம் கேட்கவேண்டிய விஷயம் அது. விலை குறைந்த விற்றமின்தான்.

ஒடியல் கூழ் யோசித்துக் கொடுக்கவேண்டும். ஒரு கோப்பையில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு, அதற்குள் கருவாடும் விழுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வல்லாரையை உப்புக் குறைத்து, பச்சையாகத் தேங்காய்ப்பூவோடு கொடுக்கலாம், ஒன்றும் பிழையில்லை. வல்லாரையை நம்பிக் குளிசையை விடுவதுதான் பிழை.

வடமராட்சி வைத்தியர்

ஆசிரியர் சொன்னதை ஏற்கிறேன். உப்பு மொத்தமாக நாளுக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டி மட்டம். மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு, பைக்கற் மிக்சர், சூப்புக் கட்டி எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும் உப்பும் அதற்குள் அடக்கம். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் எடுப்பவர்கள் கீரையை ஒருநாள் மலையாக, மறுநாள் வெறுமையாகச் சாப்பிடக்கூடாது. ஒரே அளவாகச் சாப்பிட்டால் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருந்தைச் சரிப்படுத்தலாம்.

ரொறன்ரோ மகன்

நான் சுன்னாகத்தைச் சேர்ந்தவன், 22 வருடமாகக் கனடாவில். அம்மாவும் அப்பாவும் ஊரில் தனியே. அப்பாவுக்கும் இதயச் செயலிழப்பு. ஒவ்வொரு சனியும் வீடியோவில் கதைப்போம். அரை மணித்தியாலம் சிரித்துக் கதைப்பார், எனக்கு ஒரு குறையும் தெரியாது. போன வருடம் நேரில் போனபோதுதான் அலுமாரிக்குள் மூன்று மாதக் குளிசை தொடாமல் கிடப்பதைக் கண்டேன். அவர் பொய் சொல்லவில்லை. போட்டேன் என்றே நம்பியிருக்கிறார்.

டொக்டரிடம் ஒன்று. அப்பாவுக்கு இப்போது சக்குபிட்ரில் வல்சார்ட்டன் என்ற இதயக் குளிசை கொடுக்கிறார்கள். அது மூளையில் அமிலோயிட் என்ற புரதத்தைச் சேர வைக்கும், அல்சைமர் வரும் என்று ஒருவர் பயமுறுத்திவிட்டார். நிறுத்தச் சொல்லட்டுமா?

வடமராட்சி வைத்தியர்

நிறுத்தவேண்டாம். பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அந்த மருந்து தடுக்கும் நொதியம் மூளையில் அமிலோயிட்டை உடைக்கும் வேலையிலும் பங்கெடுக்கிறது. அதனால் மருந்து வந்த காலத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது. அதைத் தெளிவுபடுத்தவே மூன்று வருடம் தொடர்ந்து நோயாளிகளின் சிந்தனைத் திறனை அளந்த ஓர் ஆய்வு நடந்தது. 2022இல் முடிவு வந்தது. வல்சார்ட்டன் மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் இல்லை. இதயம் தேறுவது மூளைக்கு நன்மை. ஆனால் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கி, எழும்பும்போது தலை சுற்றினால் உடனே சொல்லவேண்டும். குறைந்த பிரஷரும் மூளையைப் பட்டினி போடும்.

ஓய்வுபெற்ற தாதி

தம்பி, தூரத்தில் இருந்தும் செய்யலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகள் லண்டனில் இருந்து தினமும் காலையில் வீடியோவில் வருவா. சும்மா கதைப்பதில்லை. அப்பா குளிசைப் பெட்டியைக் கமராவுக்கு முன்னால் திறந்து, அன்றைய கிழமைக் குழியைக் காட்டி, போட்டுத் தண்ணீர் குடிக்கும் வரை இருப்பா. தராசில் ஏறி எண்ணையும் வாசிப்பார். நாலு நிமிடம். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ கூடினால் மகளே அயல்வீட்டுக்கு அழைத்துச் சொல்லிவிடுவா.

இணுவில் பிள்ளைக்கு இன்னொன்று. அப்பா சீட்டாட்டத்தை விட்டது மறதியால் மட்டும் என்று நினைக்காதே. வெட்கமும் இருக்கும், மனச்சோர்வும் இருக்கும். இதய நோயாளிகளில் மனச்சோர்வு அதிகம், அது நினைவையும் மந்தமாக்கும். கேட்டுப் பார். "உங்களுக்கு மறதி" என்று தொடங்காதே.

இணுவில் மகள்

எழுதி ஏழு கிழமையாகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

மறுநாளே கொண்டுபோனோம். சோடியம் 129. ஹீமோகுளோபினும் இரும்பும் குறைவு. தைரொயிட் சரி. டைக்ளோபெனாக் மட்டையைக் காட்டியதும் டொக்டர் தலையில் கைவைத்தார். ஆறு நாள் வாட்டில் வைத்துத் தண்ணீரை இறக்கினார்கள், நாலரைக் கிலோ குறைந்தது. மூச்சு வீடியோவைப் பார்த்துவிட்டு நித்திரைப் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறார்கள். தியாமினும் தந்தார்கள், நான் கேட்டுத்தான்.

வாட்டிலிருந்து வந்து ஒரு மாதத்தால் நினைவுப் பரிசோதனை செய்தார்கள். தமிழில் உள்ள முப்பது புள்ளிப் பரிசோதனை. அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மணிக்கூடு கீறச் சொன்னபோது வட்டத்தை வடிவாகக் கீறினார், எண்களையும் போட்டார். பதினொன்று பத்துக்கு முள்ளு வைக்கச் சொன்னதும் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நீண்ட நேரம். நான் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது, கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பிறகு சரியாகவே வைத்தார். ஐந்து சொல்லில் மூன்று திரும்பச் சொன்னார். மொத்தம் 22. வழமைக்கு 26 வேண்டும் என்றார்கள். அல்சைமர் மாதிரி இப்போதைக்குத் தெரியவில்லை, இதயத்தோடு சேர்ந்த குறை, ஆறு மாதத்தால் திரும்பப் பார்ப்போம் என்றார் டொக்டர்.

முற்றாகச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இரண்டு வேலை சொன்னால் இன்னும் துண்டில் எழுதிக் கொடுக்கிறேன். குளிசைப் பெட்டியை ஞாயிறு காலையில் நாங்கள் இருவரும் சேர்ந்து நிரப்புகிறோம். அவர் பெயரை வாசிப்பார், நான் போடுவேன். நிறையை அவரே கொப்பியில் எழுதுகிறார். இன்று 57.8. கேற்றடி வரை காலையும் மாலையும் நடக்கிறார். மந்தமான நாட்கள் குறைந்துவிட்டன. பெரியம்மாவிடம் அறளை என்ற சொல்லை இந்த வீட்டில் எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டு போனவ நேற்றுக் குத்தரிசி கொண்டுவந்தா.

நேற்று விறாந்தையில் திரும்பவும் சீட்டு. அப்பாவின் இடத்தில் அயல்வீட்டுத் தம்பி இருந்தான். அப்பா கதிரையை இழுத்து அவனுக்குப் பின்னால் போட்டு இருந்தார், ஒன்றும் கதைக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் அவன் ஒரு சீட்டை எடுக்கப் போக, அப்பா அவன் தோளில் விரலை வைத்து, "பொறு தம்பி, துரும்பு இன்னும் ஒண்டு வெளியில கிடக்கு" என்றார்.

கிடந்தது.

அடுத்த கிளினிக் 14ஆம் திகதி. நித்திரைப் பரிசோதனை பற்றிக் கேட்டு வந்து எழுதுகிறேன்.